இரண்டு சனி ஞாயிறில் கோலாட்டம் வரும், கூத்து வராது

கேள்வி: டீச்சர், நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 44, அலுவலக வேலை. சின்ன வயதில் நடனம் பழக வாய்ப்புக் கிடைக்கவில்லை. பக்கத்துப் பாடசாலை மண்டபத்தில் அடுத்த மாதம் இரண்டு சனி ஞாயிறு கிராமிய நடனப் பட்டறை வைக்கிறார்கள். கும்மி, கோலாட்டம், கரகம், பறை, வடமோடிக் கூத்து ஐந்தும் சொல்லித் தருவார்களாம். போன வருடமும் இப்படி ஒன்றுக்குப் போனேன். புதன்கிழமை பார்த்தால் ஒரு அடிகூட ஞாபகத்தில் இல்லை. முழங்காலில் இடைக்கிடை நோவும் இருக்கிறது. 11 வயது மகளும் வரப்போகிறேன் என்கிறாள். போகலாமா? எதைப் பழகினால் நிற்கும்?

பதில்: போங்கள். ஆனால் ஐந்தையும் பழகப் போகாதீர்கள். கோலாட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே கும்மி. மற்ற மூன்றும் நடக்கும்போது ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். காசு கட்டிவிட்டு உட்கார்ந்து பார்ப்பதா என்று தோன்றும். போன வருடம் எல்லாவற்றையும் ஆடிவிட்டு வந்தீர்களே, என்ன மிஞ்சியது?

நம்முடைய கிராமிய ஆட்டங்களில் இரண்டு வகை இருக்கின்றன. ஊரே சேர்ந்து ஆடுவதற்கென்று உண்டானவை ஒரு வகை. கும்மியும் கோலாட்டமும் அப்படிப்பட்டவை. கோயில் முற்றத்தில் நாலு பெண்கள் தொடங்குவார்கள், பார்த்துக்கொண்டு நின்றவள் ஐந்தாவதாக வந்து சேருவாள். அப்படி இடையில் வந்து சேர்பவளுக்கும் பிடிபட வேண்டும் என்பதால்தான் அடி எளிது, பாட்டுத் திரும்பத் திரும்ப வரும், ஆட்டம் வட்டமாக இருக்கும். வட்டத்தில் நின்றால் எதிரே நிற்பவளைப் பார்த்தே பழகிக்கொள்ளலாம். ஆசிரியர் ஒருவர் இல்லாமலே பழகக்கூடிய ஆட்டம் அது.

மற்ற வகை, ஆள் வைத்துப் பழக வேண்டியது. வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணிக் கூத்துகள், அவற்றைக் கூத்தாசிரியரான அண்ணாவியார் மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். முதலில் சட்டம் கொடுப்பார்கள், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துக் கொப்பி கொடுப்பது. பிறகு பாட்டு, பிறகு ஆட்டம், அப்புறம் சதங்கை கட்டுவது, கடைசியில்தான் களரி என்ற ஆடுகளத்தில் விடிய விடிய அரங்கேற்றம். வடமோடியில் துள்ளலும் சுழற்சியும் வேகமும் அதிகம். தென்மோடியில் இசை இழுபட்டு வரும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தச் சுருக்கிய வடிவத்துக்கும் அண்ணாவியாரை வைத்து நீண்ட நாள் ஒத்திகை பார்த்தார்கள். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணித்தியாலத்தில் வடமோடி என்றால் ஒரு தாளக்கட்டும் ஒரு வரவு ஆட்டமும் (பாத்திரம் களத்துக்குள் வரும்போது ஆடுவது) காட்டுவார்கள். காட்டுவது நல்லதுதான், அதைப் பார்த்து ஆசை வந்தால் தம்பலகாமத்திலோ மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களிலோ கூத்துப் பழக்கும் இடத்துக்கு ஒரு இரவு போய்ப் பாருங்கள். முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வடமோடி வேண்டாம், சீமெந்துத் தரையில் நிச்சயமாக வேண்டாம். களரி என்பது மண். துள்ளி விழும் காலை மண் கொஞ்சம் தாங்கும், சீமெந்து தாங்காது.

கரகமும் அதே கதைதான். குடத்தைத் தலையில் நிறுத்துவதற்கே ஆட்களைப் பொறுத்து வாரங்கள் ஆகும். பட்டறைகளில் வெறும் பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்து ஆடச் சொல்கிறார்கள். வெறுங்குடம்தான் கஷ்டம், பாரமில்லாத குடம் தலையில் நிற்காது. ஆட்டக் கரகம் ஆடுபவர்கள் உள்ளே அரிசியோ மணலோ போட்டு அடிப்பாரம் சேர்ப்பது அதற்குத்தான். நவராத்திரியில் கும்பம் வைத்து வழிபடும் பந்தலான கும்பத்துமாலில் இருந்து கும்பம் தூக்கி ஆடி வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் கரகம் என்றதும் நமக்குக் கை துறுதுறுக்கும். ஆனால் கும்பம் நேர்த்தி, விரதம் சேர்ந்த விஷயம். அதைப் பட்டறையோடு சேர்த்து யோசிக்க வேண்டாம்.

பறையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைக்காரர் கொண்டுவருவது பெரும்பாலும் வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய தமிழ்நாட்டுப் பறை. வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்த நீளமான சிம்புக்குச்சி. மட்டக்களப்புப் பக்கத்துப் பறைமேளக் கூத்து வேறு மரபு. இரண்டும் ஒன்றென்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். கலைஞரை அழைத்திருந்தால் அவருக்குக் கதிரை கொடுத்தார்களா, வாத்தியம் வாசிக்க மட்டும் கூப்பிட்டார்களா என்பதையும் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாக அதை வைத்திருந்தவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு நாம் பறை பழகுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, கோலாட்டத்துக்கு வருவோம்.

முதலில் வாய். கால் அசைவதற்கு முன்னால் தாளம் வாயில் வர வேண்டும். போன வருடம் நீங்கள் மறந்ததற்கு என் கணக்கில் ஒரே காரணம் இதுதான். காலைப் பார்த்து ஆடினீர்கள், பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது, வீட்டுக்கு வந்தபோது ஸ்பீக்கர் அங்கேயே நின்றுவிட்டது. பாட்டு உங்கள் வாயில் இருந்தால் அடி தானாக வரும். கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும், ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். கோலாட்டத்துக்கு ‘தகதிமி தகதிமி’ என்று நாலு நாலாகத் தொடங்குவது எளிது. பட்டறைக்கு முதல் வாரம் கறி வெட்டும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இந்த இரண்டையும் வாய்க்குள் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். மூன்றில் இருந்து நாலுக்குத் தடுக்காமல் போக முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கம்பு. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பெருவிரல் தடிப்பில், இரண்டும் ஒரே பாரத்தில் இருக்க வேண்டும். விளக்குமாற்றுத் தடியை அறுத்து முனைகளை உரைதாளால் தேய்த்தால் போதும். கடையில் வர்ணத் தாள் சுற்றி விற்பது படம் எடுக்கத்தான் நல்லது, வியர்வையில் வழுக்கும். பிளாஸ்டிக் குழாயை வெட்டிக் கொடுப்பார்கள், அதையும் வாங்காதீர்கள். கோலாட்டத்தில் பாதி சுகம் மரத்தில் மரம் படும் அந்தச் சத்தம்தான். அடிமுனையில் இருந்து நாலு விரல் விட்டுப் பிடியுங்கள், இறுக்கிப் பிடித்தால் அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு நோகும். மேல் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் கம்பும் கம்பும் முட்ட வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மகளை அவள் உயரத்துக்கு ஒத்த பிள்ளையோடு சோடி சேர்க்கச் சொல்லுங்கள். பெரியவர் தோள் உயரத்தில் அடித்தால் அது பிள்ளையின் கண் உயரம்.

அடிப்படை அடி நாலே எண்ணிக்கை: என் கம்பு இரண்டையும் தட்டு, எதிராளியின் வலக்கம்பைத் தட்டு, மறுபடி என் கம்பு, பிறகு எதிராளியின் இடக்கம்பு. இதை இரண்டு முறை செய்தபின் ஆளை மாற்றுவது. 12 பேர் நின்றால் 6 பேர் வலஞ்சுழியாகவும் 6 பேர் இடஞ்சுழியாகவும் நகர்வார்கள். 6 தடவை ஆள் மாறினால் உங்கள் முதல் சோடி மறுபடி எதிரே வருவாள், ஆனால் வட்டத்தின் மறுபக்கத்தில். 12 தடவை மாறினால் தொடங்கிய இடத்திலேயே. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் நடுவில் தடுமாறினாலும் பயமில்லை. தவறவிட்டவர் பின்னால் திரும்பி ஓடக்கூடாது, கம்பை மேலே தூக்கியபடி முன்னால் நகர வேண்டும், அடுத்தவர் வந்து சேர்வார்.

இரண்டாவது வாரம் பின்னல் கோலாட்டம் வைக்கிறார்களா என்று கேளுங்கள். வைத்தால் விடாதீர்கள். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்தபடி, ஒருவருக்கு உட்புறமும் அடுத்தவருக்கு வெளிப்புறமுமாகப் புகுந்து போக, மேலே பின்னல் விழும். பிறகு அப்படியே திரும்பி ஆடினால் அவிழும். பின்னும்போது ஒருவர் பிழைவிட்டால் யாருக்கும் தெரியாது, அவிழ்க்கும்போதுதான் தெரியும். நான் முதன்முதல் ஒரு மண்டபத்தில் 12 பெண்களை வைத்துப் பழக்கியபோது, பின்னல் அழகாக விழுந்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவிழ்க்கப் போனால் பாதியில் இறுகி நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி ஒரே ஒரு இடத்தில் வெளியால் போக வேண்டியதை உள்ளால் போயிருக்கிறாள். விழா முடிந்து கதிரை அடுக்கும்வரை ஏணி வைத்து அவிழ்த்தோம். அதன் பிறகு முதல் சந்திப்பில் உள்ளால் போக வேண்டிய 6 பேருக்கும் கையில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுவேன். திரும்பும்போது கடைசியாகச் சந்தித்த ஆளையே முதலில் சந்திக்க வேண்டும், அவரை வெளியால் கடந்திருந்தால் வெளியாலேயே திரும்ப வேண்டும். இந்த ஒரு விதியைப் பழக்குபவர் சொல்லித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கோலாட்டத்தையே நான் வற்புறுத்துவதற்கு நம்முடைய ஊரும் ஒரு காரணம். கம்படி ஆட்டம் இங்கே மூன்று சமூகங்களுக்கும் சொந்தம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் களிகம்பு, பொல்லடி இருக்கிறது. சிங்களவர் லீ கெளி என்பார்கள். மட்டக்களப்பில் கண்ணகி அம்மன் கோயில்களில் ஆடும் வசந்தன் கூத்திலும் கம்படி உண்டு. பாட்டு வேறு, வேகம் வேறு, உடை வேறு, ஆனால் மணிக்கட்டு ஒன்றுதான். ஒன்றில் கை பழகினால் மற்றதில் ஒரு பின்னேரத்தில் வட்டத்துக்குள் நிற்கலாம். கரகத்திலும் கூத்திலும் இந்த வசதி கிடையாது. பட்டறை நடத்துபவரிடம் கிண்ணியாவில் இருந்தோ மூதூரில் இருந்தோ ஒரு களிகம்புக் கலைஞரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், கேட்டால் செய்யக்கூடும். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரை விசாரித்தால் ஆட்களைத் தெரிந்திருக்கும்.

முழங்கால். கும்மியில் பலரும் கைதட்டக் குனியும்போது முழங்காலை ஆழமாக மடக்குகிறார்கள். தேவையில்லை. இடுப்பில் இருந்து சாயுங்கள், முழங்கால் சற்றுத் தளர்ந்திருந்தால் போதும். காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்பாதீர்கள். பாதம் முதலில் திரும்பட்டும், முழங்கால் அதைத் தொடரட்டும். தொடங்க முதல் பத்து நிமிடம் சாதாரணமாக வட்டத்தில் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். வெறுங்காலோடு ஆடுவதுதான் வழக்கம், ஆனால் மண்டபம் டைல்ஸ் தரையாக இருந்தால் வழுக்காத மெல்லிய சப்பாத்துப் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். நோவு வீக்கமாக மாறினாலோ, முழங்கால் மடங்காமல் பிடித்துக்கொண்டாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். பழக்குபவர் பார்த்து முடிவு செய்யும் விஷயம் இல்லை அது.

நேரத்தையும் கேளுங்கள். கச்சான் என்ற சூடான காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை மண்டபத்தில் பத்து மணிக்கு மேல் ஆடுவது தண்டனை. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிக்கலாம், அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு வைக்கலாம். ஞாயிறு காலை என்றால் பிள்ளைகளின் அறநெறி வகுப்போடு முட்டும், ஆகவே பின்னேரம்தான் பலருக்கும் வசதி. தண்ணீர்ப் போத்தலோடு ஒரு இளநீரும் கொண்டுபோங்கள்.

சேருவதற்கு முதல் அவர்களிடம் இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். மத்தளமோ உடுக்கோ நேரில் வாசிக்க ஆள் இருக்கிறாரா? இருந்தால், நீங்கள் தடுமாறும்போது அவர் வேகத்தைக் குறைப்பார். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. பாட்டு வரிகளை எழுதித் தருவார்களா? தராவிட்டால் ஒரு கொப்பி கொண்டுபோய் எழுதிக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுக்கலாம், அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். நான் பார்த்தவரை, வீடியோ எடுத்தவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பது குறைவு, எழுதினவர்களுக்குப் பாட்டு நிற்கிறது.

புதன்கிழமைக்கு வருகிறேன். திங்கட்கிழமை இரவு நீங்களும் மகளும் எதிரெதிரே நின்று பத்து நிமிடம் ஆடுங்கள். இருவர் இருந்தால் நாலு எண்ணிக்கை அடியை முழுதாக ஆடலாம், ஆள் மாற்றுவது மட்டும்தான் முடியாது. புதன்கிழமை மறுபடி பத்து நிமிடம், வெள்ளிக்கிழமை கம்பில்லாமல் பாட்டு மட்டும். இரண்டாவது சனிக்கிழமை போகும்போது உங்களோடு முதல் வாரம் ஆடியவர்களில் பாதிப் பேர் மறந்துபோய் நிற்பார்கள், அவர்களுக்கு நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டி வரலாம்.

மகள் விஷயத்தில் ஒன்று. அவளுக்கு வடமோடி பிடித்துப்போனால் தடுக்காதீர்கள். 11 வயது முழங்கால் துள்ளட்டும். அந்த இரண்டு மணித்தியாலம் நீங்கள் கதிரையில் இருந்து அவளைப் பாருங்கள்.