கொச்சிக்குக் கிளம்பும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொச்சி போகத் திட்டமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். எர்ணாகுளத்து மால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பழைய துறைமுகப் பகுதிகளான ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பற்றித்தான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. சனிக்கிழமை போகலாமா? (மதுரை வாசகி)

வேண்டாம். மட்டாஞ்சேரி யூத ஆலயம் சனிக்கிழமை திறக்காது. வெள்ளிக்கிழமையையும் நம்பிப் போகாதீர்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிதான் விடுமுறை. வார இறுதி என்று கிளம்பி வருபவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான். திங்கள் முதல் வியாழன் வரை எந்த நாளும் நல்லது. ஞாயிறும் சரிதான், ஆனால் காலையில் தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது. யூதப் பண்டிகை நாட்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறும் முன் ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீன மீன்பிடி வலைகள், புனித பிரான்சிஸ் ஆலயம், சாந்தா குரூஸ் பேராலயம். இவை மூன்றும் நடை தூரம். பத்து மணி வாக்கில் ஆட்டோ பிடித்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் மட்டாஞ்சேரிக்குப் போய் அரண்மனையையும் யூத ஆலயத்தையும் பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்த வளாகங்கள். யூத ஆலயத்தில் நடுப்பகலில் கதவு சாத்திவிடுவார்கள் என்பதால், அரண்மனையில் நேரம் போவது தெரியாமல் நின்றுவிட்டால் ஆலயத்தை மாலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கும். முட்டிக்கு மேல் நிற்கும் உடையோ கையில்லாத சட்டையோ போட்டிருந்தால் ஆலயத்துக்குள் விடமாட்டார்கள். செருப்பையும் வெளியே கழற்ற வேண்டும்.

எர்ணாகுளத்தில் இறங்கி டாக்ஸி எடுத்துவிடலாமா? (ஈரோடு வாசகர்)

எடுக்கலாம், ஆனால் பாலங்களில் நெரிசலில் நிற்பீர்கள், துறைமுகத்தைப் பார்க்கவும் மாட்டீர்கள். கொச்சியைத் தண்ணீரில் இருந்து பார்த்தபடிதான் உள்ளே நுழைய வேண்டும். வழி இரண்டு. எர்ணாகுளம் ஜெட்டியில் இருந்து மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் சாதாரண போட், மிக மலிவு, ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், காற்று முகத்தில் அடிக்கும். மற்றது, உயர்நீதிமன்ற ஜெட்டியில் இருந்து வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தச் சேவை மறு ஆண்டு ஃபோர்ட் கொச்சிக்கும் நீண்டது. மின்சாரப் படகு, ஏ.சி. உண்டு. ஒரு படகில் 100 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. விடுமுறை நாள் மாலைகளில் வரிசை நீள்வது அதனால்தான்.

போகும் வழியில் வலப்புறம் போல்காட்டித் தீவில் 1744-இல் டச்சுக்காரர் கட்டிய மாளிகை. அதையும் தாண்டினால் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள். இடப்புறம் வில்லிங்டன் தீவு. அது இயற்கையாக உண்டானது அல்ல. கொச்சி முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தது. 1920-இல் இங்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி ஆழமாக்கினார். 1928-இல் முதல் கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணைக் காயலிலேயே கொட்டி உருவாக்கியதுதான் இந்தத் தீவு.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எர்ணாகுளத்தில் டவுன், ஜங்ஷன் என்று இரண்டு நிலையங்கள் உண்டு. ஊர்க்காரர்கள் நார்த், சவுத் என்பார்கள். திரும்பும் டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. அழைத்துப் போகலாமா? (திருச்சி வாசகி)

தாராளமாக. வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடையும் படகும் நீர்மட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், காலைத் தூக்கி வைத்துத் தாவும் வேலை இல்லை. சாதாரண போட்டில் அந்தத் தாவல் உண்டு. அரண்மனையில் மாடிக்கு ஏற வேண்டும், அங்கே மட்டும் நிதானம் தேவை.

சீன வலைகள் எல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. சுற்றுலாவுக்காக மட்டும் வைத்திருக்கிறார்களா? (சேலம் வாசகர்)

இல்லை. நீங்கள் போன நேரத்தின் நீர்மட்டம் அந்த வலைகளுக்குச் சரிப்பட்டிருக்காது. ஒவ்வொரு வலையும் கரையில் ஓர் இடத்தில் ஊன்றப்பட்டது, அது இறங்கும் ஆழம் மாறாது. ஓதம் ஏறும்போது சில வலைகள் வேலை செய்யும், வடியும்போது வேறு சில. நாள் முழுக்க ஒரே வலையை இயக்க முடியாது. ஆகவே ஒன்று தொங்குகிறதே என்று திரும்பிவிடாமல் கரையோரமாக நடந்துகொண்டே போங்கள். மொபைலில் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

வேலை செய்யும் வலை அகப்பட்டால் பின்புறம் போய் நில்லுங்கள். எல்லாரும் கடல் பக்கம் நின்று வலையைப் படம் எடுக்கிறார்கள், சூட்சுமமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரம் எழும் மரச்சட்டம். அதன் பின் முனையில் ஒரு சாண் குறுக்களவுள்ள கற்கள் கயிறுகளில் தொங்கும், ஆனால் கயிறுகளின் நீளம் ஒன்று போல இருக்காது. வலை மேலே வர வர அதன் பாரம் கைக்குத் தரும் இழுவை மாறிக்கொண்டே வரும். அதற்கேற்ப கற்களும் ஒவ்வொன்றாகப் பலகையில் வந்து உட்கார்ந்து எதிர்ப்பாரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். இந்தச் சமநிலை எவ்வளவு துல்லியம் என்றால், ஓர் ஆள் நடுமரத்தின் மேல் கடலை நோக்கி நடந்தாலே போதும், வலை நீரில் இறங்கிவிடும். சில நிமிடங்கள் விட்டுவிட்டு ஐந்தாறு பேர் சேர்ந்து இழுப்பார்கள். பெரும்பாலும் கொஞ்சம் மீனும் இறாலும்தான் கிடைக்கும்.

அவர்களே கூப்பிட்டுக் கயிறு பிடிக்கச் சொல்வது உண்டு. பிடித்தால் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், மீனில் வரும் காசு அவர்களுக்குப் போதாது. மழைக்காலத்தில் ஆறுகள் அடித்து வரும் ஆகாயத்தாமரை வலையை அடைத்துவிடும், அந்த நாட்களில் இயங்குவது இன்னும் குறைவு. பக்கத்துக் கடைகளில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். மீன் விலையையும் சமைத்துத் தரும் கூலியையும் தனித்தனியாகப் பேசிவிட்டுத்தான் தட்டில் வைக்கச் சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரி அரண்மனை வெளியில் இருந்து சாதாரண ஓட்டு வீடு போல இருக்கிறதே, உள்ளே போவது அவசியமா? (கோவை வாசகி)

கொச்சியில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வோம். டச்சு அரண்மனை என்று பெயர், ஆனால் 1555 வாக்கில் இதைக் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துகீசியர்கள். டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்தார்கள். நடுவில் முற்றம், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில்.

அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுதாக ஓடுகிறது. தசரதன் செய்த வேள்வியில் தொடங்கி ராமன் அயோத்தி திரும்பும்வரை, இடைவெளியே விடாமல் ஆளுக்கு ஆள் நெருக்கியடித்து நிற்கும் சித்திரங்கள். காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு, அவ்வளவுதான் நிறங்கள். முதலில் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. ஏதாவது ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து முன்னும் பின்னும் நகருங்கள், கதை தெரிந்த நமக்குப் பத்து நிமிடத்தில் சுவர் திறந்துகொள்ளும். கீழறையில் உள்ள கிருஷ்ணன், கோவர்த்தனம், சிவன்–மோகினி ஓவியங்களையும் விட்டுவிடாதீர்கள், மாடியோடு திரும்பிவிடுபவர்களே அதிகம்.

இன்னொன்று, காலடியைப் பாருங்கள். மெருகேற்றிய கறுப்புச் சலவைக்கல் போல மின்னும் தரை கல்லே அல்ல. எரித்த கொட்டாங்கச்சி, கரி, சுண்ணாம்பு, செடிச்சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இட்டுத் தேய்த்தது என்கிறார்கள்.

யூத ஆலயத்தின் நீல ஓடுகளில் ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பது உண்மையா? (நாகர்கோவில் வாசகர்)

பாதி உண்மை. சீனாவில் இருந்து 18-ஆம் நூற்றாண்டில் தருவிக்கப்பட்ட அந்த ஓடுகளில் சில வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கையால் தீட்டியதால் தூரிகைக் கோடு ஒன்றுக்கொன்று மாறும். குனிந்து ஒரே வடிவமுள்ள இரண்டு ஓடுகளை ஒப்பிட்டால் கிளையின் வளைவும் நீலத்தின் அடர்த்தியும் வேறுபடுவது தெரியும். ஆலயம் 1568-இல் கட்டப்பட்டது, மணிக்கூண்டு 1760-இல் வந்தது. வெளிச்சுவரில் பதித்த கல்வெட்டு இதைவிடப் பழையது. அது 1344-இல் கொச்சங்காடியில் எழுந்த, இப்போது இல்லாத ஆலயத்தினுடையது. கேரள யூதர்களின் தலைவருக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடுகள் வட்டெழுத்தில் எழுதப்பட்டவை.

வாஸ்கோ ட காமாவின் உடல் புனித பிரான்சிஸ் ஆலயத்திலேயே இருக்கிறதா? (விழுப்புரம் வாசகர்)

இல்லை. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்து புனித பிரான்சிஸ் ஆலயத்தில் புதைக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். கம்பித் தடுப்புக்குள் இருப்பது வெறும் இடம். அதைப் படம் எடுத்துவிட்டு ஓடாமல் பக்கச் சுவர்களைப் பாருங்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர் கல்லறைக் கற்கள் அங்கே நிற்கின்றன. முன்பு தரையில் கிடந்தவற்றை 1886-இல் எடுத்துச் சுவரில் பதித்தார்கள்.

தமிழர் தடம் ஏதாவது உண்டா? (தூத்துக்குடி வாசகி)

வெளி என்ற பகுதியில் உள்ள தோபிகானாவுக்குப் போங்கள். டச்சுப் படையினரின் துணி வெளுக்கத் தமிழகத்தில் இருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் சமூகத்தினரின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். மூத்தவர்களிடம் தமிழிலேயே பேசலாம். வரிசையாகத் தடுத்த தொட்டிகள், துவைகற்கள், கஞ்சி, கனமான இஸ்திரிப் பெட்டிகள். துணி காயும் மைதானத்தில் கொடியைக் கவனியுங்கள். இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருப்பார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் கிளிப்பே இல்லாமல் காற்றுக்கு நிற்கும். காலையில் போனால் துவைப்பதைப் பார்க்கலாம். அது அவர்களின் வேலையிடம், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பழம்பொருளும் மசாலாவும் வாங்கலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

மசாலா வாங்குங்கள். யூதத் தெரு முகப்பில் இல்லாமல், பஜார் சாலையில் மொத்தக் கடைகள் இருக்கும் பக்கம் விலை கேளுங்கள். மிளகில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு மூழ்கும், உள்ளீடற்ற சாவி மிளகும் பப்பாளி விதையும் மிதக்கும். பட்டையில் தடித்த ஒரே சுருள் என்றால் அது காசியா, மெல்லிய ஏடுகள் பல சேர்ந்து சுருண்டிருந்தால்தான் அசல் இலவங்கப்பட்டை. ஏலக்காயை ஈரத் துணியில் தேய்த்துப் பாருங்கள், பச்சை ஒட்டினால் சாயம்.

பழம்பொருளில் எச்சரிக்கை தேவை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழையது போலத் தோன்றும் பொருளுக்கே, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் விமான நிலையத்தில் கேட்கப்படலாம். விற்பவற்றில் பெரும்பாலானவை புதிதாகச் செய்து நிறம் ஏற்றியவை. மரத்தைத் திருப்பிப் பாருங்கள், மெஷின் ஆணியும் ஒரே அளவில் ஒழுங்காக விழுந்த ஓட்டைகளும் இருந்தால் வயது புரியும். அழகுக்காக வாங்குவதில் தவறில்லை, அந்த விலைக்கு வாங்குங்கள். மிகக் குறைந்த வாடகைக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று வரும் ஆட்டோ பெரும்பாலும் கமிஷன் கடைகளில்தான் நிற்கும். கடைக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி நியாயமான வாடகை பேசிவிடுங்கள்.

முசிறியையும் அன்றே பார்த்துவிட முடியுமா? (தஞ்சாவூர் வாசகர்)

தனி நாள் வேண்டும். 1341-இல் பெரியாற்று வெள்ளத்துக்குப் பின் அந்தப் பழந்துறை தூர்ந்து கொச்சி மேலெழுந்தது என்பார்கள். அகழாய்வு நடந்த பட்டணம் கிராமம் வடக்கே பரவூர் பக்கம் இருக்கிறது. குழிகளைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பரவூர், சேந்தமங்கலம் யூத ஆலயங்களையும் சேர்த்துப் போனால்தான் பயணத்துக்குப் பொருள் உண்டு. சேந்தமங்கலத்தில் 1269-ஐச் சேர்ந்த ஹீப்ரு கல்லறைக் கல் ஒன்று உள்ளது. திங்கட்கிழமை தவிருங்கள்.

டிசம்பர் 31 இரவு பாப்பாஞ்சி எரிப்பதைக் குழந்தைகளோடு பார்க்கலாமா? (சென்னை வாசகி)

சிறு குழந்தைகளோடு வேண்டாம். நள்ளிரவில், பழைய ஆண்டைக் குறிக்கும் பாப்பாஞ்சி என்ற அந்தப் பெரிய கிழவன் பொம்மை எரியும்போது கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் படகுக்கும் பேருந்துக்கும் திரும்புவார்கள். வண்டிகளைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவதால் நீண்ட தூரம் நடக்க வேண்டும். பெரியவர்கள் போவதானால் ஃபோர்ட் கொச்சியிலேயே அறை எடுத்து மதியத்துக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள். குழந்தைகளுக்கு ஜனவரி 1 பிற்பகல் நடக்கும் கார்னிவல் ஊர்வலம் போதும், அதற்கும் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.