அதே படிப்பை அதிக விலைக்கு மறுபடி வாங்காதீர்கள்

நாமக்கல் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். நாலு செமஸ்டர் முடிந்ததில் ஏழு அரியர். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருகிறானாம். தாய்மாமா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "காலேஜ்தான் சரியில்லை, சென்னையில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அதே கம்ப்யூட்டர் சயின்ஸை ஏ.ஐ.யோடு சேர்த்து முதல் வருஷத்திலிருந்து படிக்கட்டும்." பணத்துக்கு, மகளுக்குச் சேர்த்து வைத்த நகை இருக்கிறது.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆறுதல் அவ்வளவுதான். அந்த நகையைத் தொடாதீர்கள்.

உங்கள் அண்ணன் சி.ஜி.பி.ஏ.வை மட்டும் பார்த்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலை நான் பாடம் பாடமாகப் பார்த்தேன். போனவை பைத்தான், சி, டிஸ்கிரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், ஆப்பரேட்டிங் சிஸ்டம். இயற்பியலும் வேதியியலும் முதல் தடவையிலேயே பாஸ். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸில் 'ஓ' கிரேடு, அதாவது உச்ச கிரேடு. மரவேலையும் வெல்டிங்கும் செய்யும் பிராக்டிசஸ் லேபிலும் 'ஓ'. சோம்பேறிப் பையனுக்கு எல்லாப் பாடத்திலும் மார்க் சரியும். இவனுக்கு ஒரே வகைப் பாடத்தில் மட்டும் சரிந்திருக்கிறது. கல்லூரியை மாற்றினாலும் அதே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்தான் அங்கேயும் காத்திருக்கும், ஃபீஸ் மட்டும் பல மடங்கு.

கடைசி ரிசல்ட்டுக்கு விடைத்தாள் நகல் கேட்கும் தேதி முடியவில்லை என்றால் இரண்டு தாளுக்கு வாங்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதியும் தப்பு என்றால் பாடம் ஒட்டவில்லை. வெறும் தாளாக இருந்தால் கதை வேறு. அப்படியானாலும், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தாலும், கோர்ஸ் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

டி.என்.பி.எஸ்.சி., பேங்க் எக்ஸாம், வேளச்சேரியில் ஆறு மாத சாஃப்ட்வேர் கோர்ஸ் பற்றியெல்லாம் நான் எழுதப்போவதில்லை. உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். உங்கள் கடிதத்தில் குறையாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எந்நேரமும் வண்டிப் பட்டறையில் கிடக்கிறான், பாட்டியின் வாக்கரைக்கூடப் பிரித்துப் போட்டு அவள் உயரத்துக்கு மாற்றினான்." எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது.

புராஸ்தெடிக்ஸ் அண்ட் ஆர்த்தோடிக்ஸ் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது, சுருக்கமாக பி.பி.ஓ. செயற்கைக் கால், கை, பலமில்லாத காலைத் தாங்கும் காலிப்பர், முதுகுப் பட்டை ஆகியவற்றை ஆளுக்கேற்ப அளந்து செய்து பொருத்துகிறவரை உருவாக்கும் படிப்பு. கடைசி ஆறு மாதப் பயிற்சியோடு சேர்த்து நாலரை வருஷம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு கணிதமோ உயிரியலோ இருந்தால் போதும். உங்கள் மகனின் கணித குரூப் இதற்குத் தடையில்லை.

வேலை எப்படி என்று சொல்கிறேன். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர் வருகிறார். மீதிக் காலின் மேல் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்செடுக்க வேண்டும். அந்த அச்சுக்குள் மாவை ஊற்றினால் காலின் நகல் கிடைக்கும். கைவேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் பாரம் தாங்கும், அங்கே மாவைச் சீவ வேண்டும். வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனை தாங்காது, அங்கே மாவைக் கூட்ட வேண்டும். சூடாக்கிய பாலிபுரொப்பிலின் தகட்டை அதன்மேல் படியவைத்தால் சாக்கெட், அதாவது மீதிக் காலை நுழைக்கும் கூடு. பாதத்தைப் பூட்டி, இரு கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்கவிட்டு, எங்கே சாய்கிறார் என்று பார்த்துக் கோணத்தைத் திருத்த வேண்டும். சில மாதத்தில் மீதிக் கால் சுருங்கும், சாக்கெட் தொளதொளக்கும், அவர் மறுபடி வருவார். பக்கவாதத்தில் பாதம் தொங்கிப்போனவர், வளைபாதக் குழந்தை, முதுகெலும்பு வளைந்த பள்ளிப் பெண் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருவி. இன்று அளவெடுக்க ஸ்கேனரும் வந்துவிட்டது, கம்ப்யூட்டர் தெரிந்தது வீண்போகாது.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யில் இந்தப் படிப்பு உண்டு. ஒடிசாவில் கட்டாக் அருகே ஓலத்பூர், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் இருக்கின்றன. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் முதல் வேலையாகப் பாருங்கள். எந்தக் கல்லூரியானாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு செய்தவரே இந்தத் தொழில் செய்யலாம். அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் சீட்டுகள் குறைவு. ஆரம்பச் சம்பளம் உங்கள் அண்ணன் கனவு காணும் ஐ.டி. சம்பளம் இல்லை. ஒடிசாவிலோ கொல்கத்தாவிலோ படித்தால் நோயாளியிடம் பேச இன்னொரு மொழி கற்க வேண்டும். ஆறாத புண்ணையும் வெட்டுப்பட்ட காலையும் தினமும் தொட வேண்டும், அதைத் தாங்காதவனுக்கு இது ஆகாது. அதனால் ஃபாரம் வாங்குவதற்கு முன் அவனைச் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அனுமதி கேட்டு, செயற்கை அவயம் செய்யும் பகுதியில் அவன் நின்று பார்க்கட்டும். தாய்மாமா கூட வர வேண்டாம். திரும்பும் வழியில் நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். அவனாகப் பேசுகிறானா பாருங்கள்.

"வருஷம் வீணாகிறதே" என்பார்கள். பி.இ. முடிக்க ஏழு வருஷம் வரை அவகாசம் உண்டு. பிடிக்காத ஏழு தாளை நவம்பரிலும் ஏப்ரலிலும் மாறி மாறி எழுதி அவன் டிகிரி வாங்கும் வயதும், பி.பி.ஓ. முடித்து வரும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவன் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். அப்போது வேறு யோசிப்போம், ஆனால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். வேண்டும் என்றால், அடுத்த இடம் உறுதியாகும்வரை டிஸ்கன்டினியூ கடிதம் கொடுக்காதீர்கள். மூன்றாம் வருஷ ஃபீஸுக்குக் கெடு எப்போது என்று அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். விலகும்போது மீதி வருஷங்களின் கட்டணத்தைக் கட்டச் சொல்லியும், ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுத்தும் சில கல்லூரிகள் மிரட்டும். இரண்டுமே இன்ஜினியரிங் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிக்கு எதிரானவை. வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.