14 கல்லூரியும் ஒரு வளவு வீடும்

கேள்வி: என் வயது 26. காரைக்குடி பக்கம் சொந்த ஊர். எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதினேன். நடுவாந்தரமான ரேங்க். ஜெனரல் சர்ஜரி தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். எத்தனை கல்லூரிகளைப் பட்டியலில் போடுவது என்பதுதான் குழப்பம். பல்லவன் ரயிலிலோ மதுரை பஸ்ஸிலோ போய்வருகிற தூரத்தில் 14 இடம் எழுதி வைத்திருக்கிறேன். தோழிகள் பீகார், அசாம் வரை 200, 300 என்று போடுகிறார்கள். அத்தனை தூரம் போவானேன் என்கிறார்கள் அப்பச்சி (அப்பா). ஆத்தாவுக்கு (அம்மா) சர்க்கரை வேறு. எதுவும் கிடைக்காவிட்டால், கட்டணம் அதிகமானாலும் தனியார் நிகர்நிலைப் பல்கலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதற்கும் முன்பணம் கட்டியாகிவிட்டது. போன வாரம் ஆள் வந்து ஊர் வீட்டுத் தூண்களை அளந்துகொண்டு போனார்கள். 14 போதுமா, இன்னும் சேர்க்கவா?

பதில்: தூணை அளந்துகொண்டு போனார்கள் என்று எழுதிவிட்டு, மூச்சுவிடாமல் 14 போதுமா என்று கேட்கிறாய். வந்தது யார், வரச் சொன்னது யார், பங்காளிகளுக்குத் தெரியுமா, ஒரு வார்த்தை இல்லை. கலந்தாய்வு நேரம் வந்தால் இந்த மாதிரிக் கடிதங்கள் வருஷா வருஷம் எனக்கு வரும். அவற்றுக்கு ஒரு பதில் தயாராகவே இருக்கிறது. உனக்கு அதை அனுப்பப் போவதில்லை.

அளக்க வருகிறவர்கள் பொழுது போகாமல் வருவதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிற நிலையும் கதவும் உத்தரமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் இப்படி அளக்கப்பட்டவைதான். தூணை மட்டும் தனியாகக் கழற்றி விற்க முடியாது. தாழ்வாரக் கூரை அதன் மேல் நிற்கிறது. தூண் போகிறதென்றால் வீடு போகிறது.

அந்த வீடு உன் அப்பச்சி ஒருவருடையதா? எத்தனை புள்ளிகளுக்கு, அதாவது எத்தனை குடும்பங்களுக்கு, அதில் பங்கு? நடு முற்றமான வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனவர்கள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்துதான் திறப்பார்கள். அவர்களைக் கேட்டிருந்தால் நீ எழுதியிருப்பாய். ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பொது வீட்டைப் பிரிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. உன் பங்கைத்தான் விற்கிறோம் என்று சொன்னாலும் சம்மதமில்லை. ஒரு பங்கைப் பிரித்தால் மற்றப் பங்குகளின் மேல்தான் மழை இறங்கும். பழைய காலத்து ஆள் என்று என்னைத் திட்டிக்கொள்.

அரசு இடங்களுக்கு மட்டும் பதிவு செய்திருந்தால் முன்பணம் 25,000 ரூபாய், இட ஒதுக்கீட்டுப் பிரிவென்றால் 10,000. நிகர்நிலைக்கு 2 லட்சம். பீகாரை எழுதலாமா என்று உங்கள் வீட்டில் பேச்சே முடியவில்லை, அதற்குள் 2 லட்சம் கட்டியாகிவிட்டது. அப்படியானால் உன் பட்டியல் 14 இல்லை அம்மாடி. நான் எண்ணினால் 15 வருகிறது. பதினைந்தாவது ஊர் வீடு. அது பின்னால் நிற்கிற தைரியத்தில்தான் முன்னால் 14-ஓடு நிறுத்தியிருக்கிறாய்.

கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். பட்டியலுக்கு உச்சவரம்பு கிடையாது. 14 போட்டாலும் 300 போட்டாலும் கட்டணம் ஒன்றுதான். உன் ரேங்க் வரும்போது கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கும். கீழே 280-ஆவதாக ஓர் ஊரை எழுதியதால் மேலே இருக்கும் மதுரை கை நழுவாது. ஆசைப்படுகிற வரிசையில் எழுது, கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதே. சுற்றுவாரியாகப் போன ஆண்டு எந்த ரேங்குக்கு எது கிடைத்தது என்பது மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் தளத்திலேயே இருக்கிறது. அதை ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் 14 எவ்வளவு துணிச்சலான எண் என்பது உனக்கே தெரிந்துவிடும்.

நம் மாநிலத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்கிற கணக்கும் இடிக்கிறது. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதிக்குத்தான் மாநிலக் கலந்தாய்வு, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதிலும் பாதி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கிற மருத்துவர்களுக்கு. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி பாம்புக்கடி பார்த்தவர்களுக்கு முதல் பந்தி கொடுத்தால் என்ன தப்பு?

நிறைய எழுதுவதில் ஆபத்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதல் சுற்றில் கிடைத்ததை வேண்டாம் என்று விட்டால் நஷ்டமில்லை. சேர்ந்துகொண்டே மேலே நகர விருப்பமும் கொடுக்கலாம், நகர்ந்துவிட்டால் பழைய இடம் போய்விடும். இரண்டாம் சுற்றில் கிடைத்து விலகினால் முன்பணம் போகும். மூன்றாவதில் வாங்கிவிட்டுச் சேராதவருக்கு அதற்குமேல் கலந்தாய்வே இல்லை. மிஞ்சிய இடங்களுக்கான கடைசி உதிரிச் சுற்றில் அப்படிச் செய்தால் அடுத்த தேர்வையே எழுத விடமாட்டார்கள். ஆகவே நாளைக் காலையில் பெட்டியோடு போய் நிற்கத் தயாராக இருக்கிற ஊர் அத்தனையும் எழுது. அது 90 என்றால் 90, 250 என்றால் 250.

தயாராக இருக்கிறாயா என்பதுதான் சங்கதி. அந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று அப்பச்சியைக் கேட்டிருக்கிறாயா? பர்மாத் தேக்கு. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து லேவாதேவி செய்யப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறி, ரங்கூனிலும் மோல்மேனிலும் பெட்டியடியில் உட்கார்ந்து சம்பாதித்துப் போட்டது. மீசை அரும்பாத பையன்கள்கூடப் போனார்கள். நீ கேட்கிற சர்ஜரி எம்.எஸ். படிப்பும் மூன்று வருஷம்தான். தூரம் போனவர்கள் நட்ட தூணை, தூரம் போகாமல் இருப்பதற்காக விற்கப் பார்க்கிறீர்கள். உனக்கு ஓர் அண்ணன் இருந்து, அவனுக்குக் கவுகாத்தி கிடைத்திருந்தால் அப்பச்சி என்ன சொல்லியிருப்பார்கள்? இதை நீயே அவர்களிடம் கேள். மரியாதையாக, ஆனால் கேள்.

ஆத்தாவின் சர்க்கரையை இதில் இழுக்காதே. முதலாண்டு சர்ஜரி பி.ஜி. மதுரையில் இருந்தால் என்ன, முசாஃபர்பூரில் இருந்தால் என்ன? தீபாவளி ராத்திரி தீக்காயக் கேஸ் வரும், பிள்ளையார் நோன்பன்று குடல் ஓட்டை வரும், நீ டியூட்டியில் நிற்பாய். மதுரையில் இருந்துகொண்டு ஆத்தாவைப் பார்த்துக்கொள்ளப் போவதாக நினைத்தால் சர்ஜரியைப் பற்றி உனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். மாத்திரை எடுத்துக் கொடுக்க, பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினம் பார்க்க, வீட்டோடு இருக்கிற ஒருவர் வேண்டும். அந்த ஏற்பாட்டைப் புறப்படுவதற்கு முன் செய்வதுதான் மகளின் கடமை. சும்மா பக்கத்து ஊரில் இருப்பது கடமையாகாது.

ஓர் ஊரை அடிக்க நல்ல காரணங்களும் உண்டு. படிப்பு முடிந்ததும் எத்தனை ஆண்டு அங்கே வேலை பார்க்க வேண்டும், மீறினால் தண்டத்தொகை எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. எழுதுவதற்கு முன் படி, சேர்ந்தபிறகு அழாதே. உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வருகிறதா என்று கேள். முக்கியமாக, இப்போது அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒருவரைப் போனில் பிடி. ஹெர்னியா உங்கள் கையால் செய்ய விடுகிறார்களா, அப்பெண்டிக்ஸ் யார் செய்கிறார், லேப்ராஸ்கோப்பி என்றால் கேமரா பிடிப்பதோடு சரியா? கட்டடம் பளபளப்பாக இருந்து கத்தி கையில் வராத இடத்தைவிட, கூட்டம் நெரிகிற மாவட்ட ஆஸ்பத்திரியில் டி.என்.பி. என்கிற, எம்.எஸ்.ஸுக்கு நிகரான சர்ஜரிப் படிப்பு உனக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். டி.என்.பி.யும் இதே கலந்தாய்வில்தான் வருகிறது, பிற்பாடு எம்.சிஎச். என்கிற அடுத்த கட்ட உயர்படிப்புக்குப் போகவும் தடையில்லை. உன் கடிதத்தில் அந்த மூன்றெழுத்தே காணோம். இந்தி தெரியாதே என்பாய். ‘எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து’ என்று கேட்க மூன்று மாதம் போதும். நர்ஸ்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு இந்த ஆண்டு ஒன்றும் அமையாமல் போகலாம். அப்போதும் வீட்டில் கை வைக்காதே. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசுப் பணிக்குப் போ, சில ஆண்டு வேலை பார், பணி மருத்துவர் ஒதுக்கீட்டில் திரும்ப வா. வீட்டை விற்றுச் சர்ஜன் ஆனவருக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படித் தெரிவார் என்பதை யோசித்துப் பார். எனக்கு அந்தக் கண்ணைப் பார்க்கப் பயம்.

இந்த வாரமே அளந்துபோனவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடு. அப்பச்சி கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். பங்காளிகளில் மூத்தவரிடம் நடந்ததை நீயே போய்ச் சொல், வேறு வாயால் அவர் காதுக்குப் போவதற்குள். நிகர்நிலை இடம் ஒன்றைக்கூடப் பட்டியலில் எழுதாதே. ஒதுக்கீடே இல்லையென்றால் அந்த 2 லட்சம் திரும்பி வரும். எழுதி முடித்ததும் கடைசி மணி நேரம் வரை காத்திருக்காமல் லாக் செய்து, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்.