திரும்பி வந்த போர்டோடு போய்ப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, திருநெல்வேலி பேட்டையில் சோலார் தெருவிளக்குக்கு, பேட்டரி சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் போர்டு செய்கிறோம். மாட்டி ஆறேழு மாதத்தில் சில திரும்பி வருகின்றன; விரலால் அழுத்தினால் விளக்கு எரிகிறது, விட்டால் அணைகிறது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தால் தீருமா? எப்படி ஆரம்பிப்பது?

பதில்: தீர வழியுண்டு. ஆனால் முதல் நாளே புரிந்துணர்வு ஒப்பந்தம், சால்வை, போட்டோ என்று போகாதீர்கள். அப்படி ஒன்றில் நானும் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பழுதைப் பார்க்கப் போகிறோம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை, இரண்டு வருடம் வீணானதுதான் மிச்சம்.

முதலில் நீங்களே லென்ஸ் வைத்துப் பாருங்கள். வயர் மாட்டும் கனெக்டரின் பின்னைச் சுற்றி சால்டரில் (பற்றவைத்த இடத்தில்) மயிரிழை மாதிரி ஒரு வளையம் தெரிந்தால் அது விரிசல்: மத்தியானம் கம்பத்துப் பெட்டி கொதிக்கும், ராத்திரி ஆறும், கனெக்டர் பின்னும் போர்டும் சால்டரும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுபட்டு விட்டுப்போகும். ஈயமில்லாத சால்டருக்குச் சமீபத்தில் மாறினீர்களா? ஈயம் கலந்த பழைய 63/37 சால்டர் உருக 183 டிகிரி போதும், ஈயமில்லாத எஸ்ஏசி305-க்கு 217-க்கு மேல் வேண்டும். பழைய சூட்டிலேயே ஓட்டினால் சரியாகப் பிடிக்காது. கரண்ட்டை விட்டு நிறுத்தும் மாஸ்ஃபெட் என்ற பார்ட்டுக்கு அடியில் சால்டரில் காற்றுக்குமிழ் இருந்தால் எக்ஸ்ரேயில்தான் தெரியும். விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்க்க, அந்த இடத்தை வெட்டி எபாக்சி பிசினில் புதைத்து, தேய்த்து மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும்.

கல்லூரி தேவைப்படுவது இங்கேதான். அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊரிலேயே அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. எந்தக் கருவி எங்கே என்று ஆய்வகக் கருவிகளைப் பட்டியலிடும் மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்திலும் தேடலாம். பழுதான போர்டு ஐந்து, நல்லது இரண்டு எடுத்துக்கொண்டு போய், கட்டணம் கட்டிச் செய்யும் சோதனையாகவே முதலில் கேளுங்கள்.

காரணம் தெரிந்த பிறகு, அதைச் சரிசெய்வதை இறுதியாண்டு புராஜெக்டாகக் கொடுக்கலாம். ஜனவரியில் போய் நின்றால் தலைப்பெல்லாம் முடிவாகியிருக்கும், அதனால் ஜூலை, ஆகஸ்டிலேயே பேராசிரியரிடம் பேசிவிடுங்கள். அவர்களுக்குப் பரீட்சை உண்டு, உங்களுக்கு டெலிவரி தேதி உண்டு. மாணவர் வேலையை நம்பி ஆர்டர் மட்டும் எடுக்க வேண்டாம். பார்ட்ஸ் செலவும் பஸ் செலவும் நீங்கள் கொடுங்கள், பிள்ளைகள் கைக்காசைப் போட்டுச் செய்யக் கூடாது.

புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால் யாருக்கு உரிமை, கட்டுரை எப்போது வெளியிடலாம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கட்டுரை முந்திக்கொண்டால் காப்புரிமையே கைவிட்டுப் போகலாம். காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும், கட்டுரை அந்தத் தற்காலிக விண்ணப்பம் போட்ட பிறகு வரட்டும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: திரும்பி வரும் ஒவ்வொரு போர்டின் பின்னாலும் எந்த ஊர்க் கம்பம், எப்போது மாட்டியது, எப்போது கழற்றியது என்று மார்க்கரில் எழுதி வையுங்கள். ஆய்வகத்தில் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.