ஐந்து ஆண்டுப் பூட்டு

கேள்வி: பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டதே, பிறகும் ஏன் கறுப்பினப் பிள்ளைகள் தவித்தார்கள்? – ஒரு வாசகி, மதுரை

பதில்: தீர்ப்பு வந்தது, கதவு திறக்கவில்லை அம்மா. வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்த கறுப்பினப் பள்ளி ஒன்று இருந்தது. 1951-இல் அங்கே படித்த 16 வயது பார்பரா ஜான்ஸ் மாணவர்களைத் திரட்டி வகுப்பைப் புறக்கணித்தாள். அதிலிருந்து எழுந்த வழக்கும் அந்தத் தீர்ப்பில் அடக்கம். மாவட்டமோ, சேர்த்துப் படிக்கவைக்க மனமின்றி, 1959-இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் மூடியது. வெள்ளையருக்குத் தனியார் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1964 வரை பூட்டுதான். நான் ஆசிரியராக இருந்தவன். கோடை விடுமுறைக்குள்ளேயே வாய்ப்பாட்டை மறந்து வரும் பிள்ளைகளைப் பார்த்தவன். ஐந்து ஆண்டுகள் என்றால் நெஞ்சு பதறுகிறது.