வெயிலில், மலைத்தளத்தில் ஹெலிகாப்டர் ஏன் திணறுகிறது?

அடிவாரத்தில் சிரமமின்றி எழும்பிய ஹெலிகாப்டர், அதே எடையோடு மலைமேல் இறங்கும்போது ஏன் விழுகிறது என்பது கேள்வி. மேலே காற்று மெலிந்திருக்கிறது. சூடு அதை இன்னும் மெலிதாக்குகிறது. எஞ்சின், ரோட்டர் (மேலே சுழலும் இறக்கைகள்), வால் ரோட்டர் (உடல் திரும்பிவிடாமல் பிடிப்பது) மூன்றும் ஒருசேரப் பலமிழக்கின்றன.

உயரமானியை 1013 ஹெக்டோபாஸ்கலில் (கடல்மட்டத்தின் தர அழுத்தம்) வைத்தால் அழுத்த உயரம், அதாவது காற்றழுத்தம் காட்டும் உயரம், தெரியும். 8,000 அடி என்று வையுங்கள். அங்கே தர வெப்பநிலை, அதாவது கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் வெப்பநிலை, மைனஸ் 1 டிகிரி (கடல்மட்டத்தில் 15, ஆயிரம் அடிக்கு 2 குறையும்). வெளியே 25 டிகிரி என்றால் வித்தியாசம் 26. டிகிரிக்குச் சுமார் 120 அடி கூட்டினால் ஹெலிகாப்டர் உணரும் உயரம் 11,000 அடியைத் தாண்டுகிறது.

கையேட்டில் ஹோவர் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது) வரைபடங்கள் இரண்டு: தரை விளைவுக்கு (தரையருகே கிடைக்கும் கூடுதல் தாங்கல்) உள்ளே, வெளியே. முதலாவதை மட்டும் நம்பிப் போவது ஆபத்து. சரிவிலும் உயர்ந்த புல்லிலும் முகட்டு விளிம்பிலும் தரை தரும் தாங்கல் குறைந்துவிடும். இரண்டாவதை எடுங்கள், எடை மிஞ்சினால் இரண்டு நடையாகப் போங்கள். சேமிப்பு எரிபொருளில் கைவைக்காதீர்கள்.

விழுவது பெரும்பாலும் கடைசி நொடிகளில்தான். வேகம் சுமார் 20 நாட் (knot, மணிக்குச் சுமார் 37 கி.மீ.) அளவுக்குக் கீழே போனதும் தேவையான சக்தி எகிறுகிறது; பின்காற்றில் இது முன்கூட்டியே வரும். விமானி கலெக்டிவை (எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேரக் கூட்டும் நெம்புகோல்) இழுக்கிறார், எஞ்சினிடம் மிச்சமில்லை, ரோட்டர் சுழற்சி சரிகிறது. தூக்குவிசை சுழற்சியின் வர்க்கத்தைப் பொறுத்தது: இறக்கைக் கோணம் மாறாமல் சுழற்சி 10 சதவீதம் குறைந்தால் விசையில் 19 சதவீதம் போய்விடும். வால் ரோட்டரும் சுணங்குவதால் மூக்கு தானாகத் திரும்பும். இன்னும் இழுத்தால் இன்னும் மோசம். அணுகலைக் கைவிடும் முடிவை வேகம் அந்த 20 நாட் அளவுக்கு இறங்கும் முன்பே, தாழ்வான பக்கம் வழி திறந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.