மகனுக்குத் தெரியாமல் அவன் போனைப் பார்த்துவிட்டீர்கள், சரி, இனி?

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். "உனக்குத் தெரியாம போனை எடுத்துப் பார்த்தது தப்புதான் மக்கா." அதோடு நிறுத்துங்கள். "ஆனாலும் நீ..." என்று இழுத்தால் காரியம் கெட்டது.

15 வயது மகன் பத்து நாளாகப் பேசவில்லை, எதையோ மறைக்கிறான் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் படித்ததை மாமாவிடம் சொல்லி, அவர் வந்து புத்தி சொன்னாரே, அதுதான் அவனைக் குத்தியிருக்கும். தக்கலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் மார்த்தாண்டம் போய்விடும் என்று அவனுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் திற்பரப்பு அருவி வரை கூட்டிப்போய்ப் பாருங்கள். போன், மார்க் இரண்டைப் பற்றியும் மூச்சு விட வேண்டாம். எதிரே உட்காரவைத்துக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். வண்டியில் முகம் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு தானாக வரும். என் மகன் மூன்றாவது தடவைதான் வாய் திறந்தான், அதுவும் டயரில் காற்று குறைவு என்று சொல்ல! அந்த நூலைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அவன் சொல்வது எதுவும் மாமா காதுக்குப் போகக் கூடாது. போனுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் அவனையும் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள்.

ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, கூட்டுக்காரர்களையும் விட்டு ஒதுங்கி, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வந்தால் பைக் பயணத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.